அந்தப் பையனுக்கு என்ன தெரியும்?

திரை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பிரிட்டனின் தொழிலாளர் குடும்பத்து இளையோரைப் பற்றிய படங்களைக் குறித்து எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் என்னோடு வாதாட வந்தவற்றுக்கே முன்னிடம் கொடுத்திருக்கிறேன்.

*

நீங்கள் புகழ்ந்தீர்களே என்று ‘கெஸ்’ படத்தைத் தேடிப் பார்த்தேன். மேகமூட்டம், சேறு, அடி, அழுகை. பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவன் இதை ஏன் பார்க்க வேண்டும்?
— பின்னலாடைத் தொழிலாளி, திருப்பூர்

உங்கள் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்த வல்லூறு.

கென் லோச் இயக்கி 1969இல் வந்த படம் அது. யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் நடக்கிறது. பில்லி காஸ்பர் பள்ளியை விடப்போகும் வயதில் இருக்கிறான். அன்றைய சட்டப்படி 15 வயதானால் போதும். அப்பா இல்லை. அண்ணன் ஜட் சுரங்கத்துக்குப் போகிறான்; அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே கட்டில். பில்லி ஒரு பழைய சுவரின் இடுக்கிலிருந்து கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறின் குஞ்சை எடுத்து வருகிறான். அதை வளர்க்கும் முறை தெரிந்துகொள்ள நூலகத்துக்குப் போனால், பெரியவர்கள் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறார்கள். உடனே ஒரு புத்தகக் கடைக்குப் போய் வேண்டிய நூலைத் திருடிவிடுகிறான். பாடப் புத்தகத்தைத் தொடாத பையன் அந்த நூலை வரிவரியாகப் படிக்கிறான்.

அதற்குப் பிறகு வருவதைத்தான் நீங்கள் மறுபடி பார்க்க வேண்டும். கையுறையில் இறைச்சித் துண்டை வைத்துப் பறவையை அழைப்பது, காலில் வார் கட்டுவது, வயல்வெளியில் நீண்ட கயிற்றோடு பறக்கவிடுவது, ஒரு நாள் கயிற்றையும் அவிழ்த்துவிடுவது என்று ஒவ்வொரு படியையும் படம் அவசரமில்லாமல் காட்டுகிறது. வகுப்பில் ஆசிரியர் ஃபார்திங் தூண்டிப் பேச வைக்கும்போது, எல்லோரும் மக்கு என்று ஒதுக்கிய பையன் அந்தத் தொழிலின் கலைச்சொற்களோடு விளக்குகிறான். வகுப்பே வாயடைத்துக் கேட்கிறது. சில காட்சிகள் கழித்து வேலைவாய்ப்பு அதிகாரி அவனை உட்காரவைத்துப் பேசுகிறார். அலுவலக வேலையா, உடலுழைப்பா? சுரங்கத்தில் இறங்க மாட்டேன் என்பதைத் தவிர அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வல்லூறு அந்த அறைக்குள் வருவதே இல்லை. அவன் சொல்வதில்லை, அந்த அதிகாரியின் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து நிற்கும் பிள்ளைகளின் முகங்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தவளுக்கு அந்த அறையைத் தாண்டிப் போவது கடினம். இந்த வகைப் படங்களில் சிறந்தவற்றை நான் பிரிப்பது ஒரே கேள்வியால்தான்: அந்தப் பையனுக்கு, அந்தப் பெண்ணுக்கு, என்ன தெரியும்? பதில் சொல்லத் தெரிந்த படம் நல்ல படம். துன்பத்தை மட்டும் எண்ணிக் காட்டும் படத்தில் எனக்கு ஆர்வமில்லை. அந்த விதத்தில் நீங்களும் நானும் ஒரே கட்சி.

படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பேரி ஹைன்ஸ் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். எந்தப் பதவிக்கு எந்தப் பறவை என்று 15ஆம் நூற்றாண்டு ஆங்கில நூலொன்று வரிசைப்படுத்திய பட்டியல் உண்டு. பேரரசனுக்குக் கழுகு என்று தொடங்கும் அந்த வரிசையில் கடைநிலை ஏவலாளுக்கு ஒதுக்கப்பட்டது கெஸ்ட்ரல் என்பார்கள். ‘ஏவலாளுக்கு ஒரு கெஸ்ட்ரல்’ என்று பொருள்படும் தன் நாவலின் தலைப்பை ஹைன்ஸ் அதிலிருந்துதான் எடுத்தார்.

*

குறும்படம் எடுக்கப்போகிறேன். கையில் கேமரா, நிஜத் தெரு, புதுமுகங்கள். யதார்த்தம் வந்துவிடும் அல்லவா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

வராது, தம்பி. கேமரா ஆடுவதால் உண்மை வந்துவிடுவதில்லை.

கிறிஸ் மெங்கஸ் என்ற ஒளிப்பதிவாளரின் வேலையைப் பாருங்கள். ‘கெஸ்’ அவர் எடுத்தது. அதில் கேமரா பெரும்பாலும் தள்ளி நிற்கிறது. தொலைவிலிருந்து நீண்ட லென்ஸ் வழியாகப் பார்க்கிறது, முடிந்தவரை இயல்பான வெளிச்சம், அசைவு குறைவு. லோச்சும் மெங்கஸும் அன்றைய செக் நாட்டுப் புதிய அலைப் படங்களிலிருந்து கற்றது இது. காரணம் எளிது. பள்ளிப் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கருவியை நீட்டினால் அவர்கள் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். தள்ளி நின்றால் தங்கள் பாட்டுக்கு இருப்பார்கள்.

இனி அதே மெங்கஸ், ஆலன் கிளார்க் இயக்கிய ‘மேட் இன் பிரிட்டன்’ படத்துக்கு எடுத்ததைப் பாருங்கள். தொலைக்காட்சிக்காக 1982இல் எடுக்கப்பட்டது. டிம் ராத்தின் முதல் படம். அவர் நடித்த ட்ரெவர், நெற்றியில் ஸ்வஸ்திகா குத்திய 16 வயதுப் பையன், இனவெறியன், வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கண்ணாடியைக் கல்லால் உடைக்கிறவன். இவனிடமிருந்து மெங்கஸின் கேமரா தள்ளி நிற்கவில்லை. உடலில் மாட்டிக்கொண்டு நடந்தாலும் படம் குலுங்காமல் காக்கும் ஸ்டெடிகேம் கருவியில் கூடவே நடக்கிறது. ட்ரெவர் நிற்காதவன் என்பதால் கேமராவும் நிற்பதில்லை. நடுவில் ஓர் அதிகாரி வருகிறார். கரும்பலகையில் கோடு போட்டு, சிறார் சீர்திருத்த விடுதி, வேலையின்மை, திருட்டு, சிறை, மீண்டும் வேலையின்மை என்று ட்ரெவரின் வருங்காலம் முழுவதையும் வட்டமாக வரைந்து காட்டுகிறார். நீண்ட காட்சி அது. ஓடிக்கொண்டிருந்தவனை ஒரு கரும்பலகை நிறுத்திவைக்கிறது. அவன் மூளையுள்ளவன் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அந்த மூளைக்குப் பிரிட்டன் என்ன வேலை வைத்திருக்கிறது என்பதற்கு மட்டும் பலகையில் இடமில்லை. நாட்டில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டிய ஆண்டு அது.

கண் ஒன்றுதான், பையனுக்கு ஏற்ப நிற்கும் தூரம் மாறியது. உங்கள் படத்தின் ஆள் யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கேமராவைக் கையில் எடுப்பதா, முக்காலியில் நிறுத்துவதா என்பதற்கு விடை அங்கே கிடைக்கும்.

*

‘கெஸ்’ படத்தில் தலைமை ஆசிரியர் பிரம்பால் அடிப்பது நிஜ அடி என்று படித்தேன். உண்மையா?
— பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி

உண்மை. அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் திடுக்கிடலும் நிஜம்தான். செய்தி சொல்ல வந்து, குற்றமே செய்யாமல் வரிசையில் மாட்டிக்கொண்டு அடிவாங்கும் அந்தச் சின்னப் பையனின் கண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் படத்தின் மேலும் கோபம் வருகிறது, பிரம்பின் மேலும் கோபம் வருகிறது.

இன்னொன்றும் உண்டு, படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கடைசியில் ஜட் வல்லூறைக் கொன்று குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறான். பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி, படத்துக்காகத் தான் பழகிய பறவைகளில் ஒன்றைத்தான் கொன்றுவிட்டார்கள் என்று நம்பினான். உண்மையில் அது வேறு இடத்தில் கிடைத்த இறந்த பறவை. அந்த அழுகைதான் திரையில் இருக்கிறது. மகத்தான காட்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகத்தானதுதான். ஆனாலும் ஒரு பிள்ளையிடமிருந்து அந்த அழுகையை அப்படி வாங்கியிருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கதையை முன்கூட்டிச் சொல்லாமல், காட்சிகளை வரிசைப்படி எடுத்து, அன்றன்றைய பக்கங்களை மட்டும் கொடுப்பது வேறு. லோச் பிற்காலத்திலும் அப்படித்தான் வேலை செய்தார். ‘ஃபிஷ் டாங்க்’ எடுத்த ஆண்ட்ரியா அர்னால்டின் வழியும் அதுவே. அங்கே நடிக்கிறவருக்குக் கிடைப்பது வியப்பு. துக்கத்தைப் பொய்யாக உண்டாக்குவதோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

*

ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லையே?
— வங்கி ஊழியர், மதுரை

ஆங்கிலத் துணைவசனம் போட்டுப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘கெஸ்’ வெளிவந்தபோது பார்ன்ஸ்லி பேச்சு புரியாது என்று சில வசனங்களை மறுபடி குரல் பதிவு செய்தார்கள். ஸ்காட்லாந்தின் கிரீனக் ஊரில் எடுக்கப்பட்ட ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ படத்துக்கு அமெரிக்காவில் துணைவசனம் போட்டார்கள். உச்சரிப்பைத் திருத்தியிருந்தால் படமே போயிருக்கும்.

*

என் மகனுக்கு 15 வயது. ‘திஸ் இஸ் இங்கிலாந்து’ பார்க்க வேண்டும் என்கிறான். 18 வயதுச் சான்றிதழ் என்று போட்டிருக்கிறது. அனுமதிக்கலாமா?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

நீங்கள் பக்கத்தில் உட்கார்வதாக இருந்தால் அனுமதியுங்கள், அம்மா. கெட்ட வார்த்தைகள் ஏராளம். ஒரு கொடூரமான அடிதடி உண்டு. இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

கதை 1983இல் நடக்கிறது. அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் தந்தையை இழந்த 12 வயது ஷான், தலையை மழித்த ஸ்கின்ஹெட் இளைஞர்களோடு சேர்கிறான். அந்தக் கூட்டத்தின் முதல் முகம் நட்பானது. அவர்கள் ஆடும் இசையே ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்தது. கூட்டத்தில் ஒரு கறுப்பின இளைஞனும் இருக்கிறான். பிறகு சிறையிலிருந்து கோம்போ திரும்புகிறான், வெறுப்பைக் கொண்டுவருகிறான். தந்தையில்லாத ஒரு பையனின் ஏக்கத்தை அவன் எப்படிக் கண்டுபிடித்துப் பயன்படுத்துகிறான் என்பதை உங்கள் மகன் இந்த வயதில் பார்ப்பது நல்லது. ஷானாக நடித்த தாமஸ் டர்கூஸ் கிரிம்ஸ்பி ஊர்ப் பையன். அதற்கு முன் நடித்ததில்லை. தேர்வுக்கு வர ஐந்து பவுண்டு கேட்டு வாங்கினான். படம் வெளிவருமுன் அவன் தாய் இறந்துவிட்டார். இயக்குநர் ஷேன் மெடோஸ் படத்தை அவருக்குக் காணிக்கையாக்கினார்.

சான்றிதழ் பற்றி ஒன்று. பிரிட்டனில் தணிக்கை அமைப்பு கொடுக்கும் சான்றிதழை உள்ளாட்சி மன்றம் தன் எல்லைக்குள் மாற்றலாம். 2002இல் ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ படத்துக்கு வசைச்சொற்களுக்காக 18 வயதுச் சான்றிதழ் கிடைத்தது. கதாநாயகன் லியாமுக்கு 16 கூட நிறையவில்லை. தங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கதையை அந்தப் பிள்ளைகளே பார்க்க முடியாதா என்று கேட்ட கிரீனக் பகுதியின் இன்வர்க்ளைட் மன்றம் அதை 15 ஆகக் குறைத்தது. அந்த மன்றத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

*

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள் கேமராவோடு ஏழைகளின் தெருவுக்குப் போய் விருது வாங்கிவருகிறார்கள். இதற்குப் பெயர் யதார்த்தமா?
— எழுத்தாளர், புதுச்சேரி

லோச் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்தவர்தான். ஆனால் நனீட்டன் ஊரில் பிறந்தவர், தந்தை எலெக்ட்ரீஷியன். அர்னால்டு டார்ட்ஃபோர்டில் நகராட்சி வாடகைக்கு விட்ட குடியிருப்பில் வளர்ந்தவர். ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ நாடகத்தை எழுதிய ஷீலா டெலனி சால்ஃபோர்டில் பிறந்தவர். அது 1958இல் மேடையேறியபோது அவருக்கு வயது 19. ஆகவே உங்கள் கேள்வி எல்லோருக்கும் பொருந்தாது. ஆனாலும் உங்கள் கேள்வியில் உள்ள கோபத்தை நான் தள்ளிவிடத் தயாரில்லை. அதற்கு நேராகப் பதில் சொல்லக்கூடிய ஊர் ஒன்று இருக்கிறது.

பிராட்ஃபோர்டில் பட்டர்ஷா குடியிருப்பு. ஆண்ட்ரியா டன்பர் அங்கே வளர்ந்தார். பள்ளிப் பயிற்சியாக 15 வயதில் ‘தி ஆர்பர்’ என்ற நாடகத்தை எழுதத் தொடங்கினார். பிராஃபர்ட்டன் ஆர்பர் என்பது அவர் தெருவின் பெயர். 1980இல் லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் அது நடிக்கப்பட்டது. அடுத்த நாடகமான ‘ரீட்டா, சூ அண்ட் பாப் டூ’வை 1987இல் ஆலன் கிளார்க் படமாக்கினார். ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டாள் என்று சொந்த ஊரிலேயே பலர் அவர்மேல் ஆத்திரப்பட்டார்கள். படத்தின் முடிவில் அவருக்கும் உடன்பாடில்லை. உள்ளேயிருந்து எழுதியவருக்கே இந்த நிலை. 1990இல் 29 வயதில் மூளையில் ரத்தக் கசிவால் இறந்தார்.

20 ஆண்டுகள் கழித்துக் கிளியோ பர்னார்ட் என்ற இயக்குநர் அந்தக் குடியிருப்புக்குப் போனார். டன்பரின் குடும்பத்தாரையும் அயலாரையும் பேசவைத்து ஒலிப்பதிவு செய்தார். 2010இல் வந்த ‘தி ஆர்பர்’ படத்தில் நடிகர்கள் வாயை மட்டும் அசைக்கிறார்கள். கேட்பது அந்த மக்களின் குரல். நாடகத்தின் சில காட்சிகளைக் குடியிருப்பின் புல்வெளியிலேயே நடத்தினார். குடியிருப்பவர்கள் சுற்றி நின்று பார்ப்பதும் படத்தில் பதிவாகியிருக்கிறது. ‘நான் வெளியாள், இது எடுக்கப்பட்ட படம்’ என்பதை ஒவ்வொரு நொடியும் ஒப்புக்கொள்ளும் படம் அது. உங்கள் குற்றச்சாட்டுக்கு இதைவிட நேர்மையான பதிலை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

அங்கே சந்தித்த பிள்ளைகளிடமிருந்துதான் பர்னார்டின் அடுத்த படமான ‘தி செல்ஃபிஷ் ஜெயன்ட்’ 2013இல் பிறந்தது. பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட ஆர்பர், ஸ்விஃப்டி என்ற இரு சிறுவர்கள் குதிரை வண்டியில் பழைய இரும்பு பொறுக்கிக் காயலான் கடையில் போடுகிறார்கள். ஆர்பருக்கு எந்தக் கம்பிக்குள் செம்பு இருக்கிறது, எது எடைக்கு என்ன பெறும் என்பது அத்துப்படி. ஸ்விஃப்டிக்குக் குதிரையின் மனம் தெரியும். இருவருக்கும் தெரிந்ததை அந்தக் கடைக்காரர் மட்டுமே மதிக்கிறார், தன் லாபத்துக்காக. செம்பு விலை ஏறி, ரயில் பாதைகளின் கம்பி வரை திருடுபோன காலம் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழைய உலோகத்தை ரொக்கத்துக்கு வாங்குவதை 2012 டிசம்பரில் தடை செய்யும் அளவுக்குப் போயிற்று. எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிட்டபோது, பின்வரிசையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் விலைக் கணக்கைத் திருத்திக்கொண்டே பார்த்தான். அவன் வீட்டிலும் அதே தொழில்.

*

எல்லாம் வெள்ளைக்காரப் பையன்கள். பெண்களும் மற்றவர்களும் அந்த நாட்டில் இல்லையா?
— வாசகி, கொழும்பு

இருக்கிறார்கள். அவர்களுடைய படங்கள் வெளிவரத்தான் தாமதமாயிற்று. ஹோரஸ் ஓவே எடுத்த ‘பிரஷர்’, கறுப்பின இயக்குநர் ஒருவர் பிரிட்டனில் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம். அதுவே சில ஆண்டுகள் முடக்கப்பட்டுக் கிடந்தது. 1980இல் வந்த ‘பாபிலோன்’, தெற்கு லண்டனில் ஒலிபெருக்கி அடுக்குகளோடு ரெகே இசை நடத்தும் இளைஞர்களைப் பற்றியது. ஒளிப்பதிவு, மேலே சொன்ன அதே மெங்கஸ். பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ் கொடுத்து, யாரைப் பற்றியதோ அவர்களையே வெளியே நிறுத்தினார்கள். அமெரிக்காவில் திரைக்கு வந்தது 2019இல். சந்தேகத்தின் பேரில் எவரையும் போலீஸ் பிடிக்க இடம்கொடுத்த 1824ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு அந்த இளைஞர்களைத் துரத்திய காலம். படம் வந்த சில மாதங்களில், 1981 ஏப்ரலில், தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் கலவரம் வெடித்தது.

பெண்கள் என்றால் ‘ஃபிஷ் டாங்க்’ (2009). கேட்டி ஜார்விஸ் என்ற பெண், டில்பரி டவுன் ரயில் நிலையத்தில் எதிர் நடைமேடையிலிருந்த காதலனோடு கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது தேர்வுக் குழுவினரின் கண்ணில் பட்டவர். மியா என்ற 15 வயதுப் பெண்ணாக நடித்தார். காலியான ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக ஆடிப் பழகும் பெண். அற்புதமான நடனக்காரி ஒன்றுமில்லை. அப்படி ஆக்காததுதான் அர்னால்டின் நேர்மை. கடைசியில் தாயும் இரு மகள்களும் வரவேற்பறையில் ஒருவர் அசைவை ஒருவர் பார்த்து ஆடுகிறார்கள். வாயால் சொல்ல முடியாத மன்னிப்பையும் விடைபெறுதலையும் உடம்பால் முடித்துக்கொள்கிறார்கள்.

அதைவிடவும் என் மனதுக்கு நெருக்கமானது சாரா கேவ்ரன் இயக்கிய ‘ராக்ஸ்’ (2019). கிழக்கு லண்டன், ஹாக்னி. தாய் வீட்டை விட்டுப் போய்விட, தம்பியை அரசு எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற பயத்தில் ஒரு பள்ளிப் பெண் அவனை ஒளித்து ஒளித்துக் காப்பாற்றுகிறாள். ஒப்பனை செய்வதில் கெட்டிக்காரி. தோழிகளுக்கு முகம் எழுதிவிடுவாள். நைஜீரிய, சோமாலிய, வங்கதேசக் குடும்பங்களின் பெண்கள் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு அந்தப் படத்தில் இருக்கிறது. எழுத்தாளர்கள் தெரேசா இகோகோவும் கிளேர் வில்சனும் கதையை எழுதி முடித்துவிட்டு முகம் தேடவில்லை. முதலில் பள்ளிப் பெண்களோடு மாதக்கணக்கில் பட்டறை நடத்தி, அவர்கள் பேசியதிலிருந்து கதையை வளர்த்தார்கள். ராக்ஸாக நடித்த புக்கி பக்ராய் 2021இல் பிரிட்டிஷ் திரைப்பட அகாடமியான பாஃப்டாவின் வளரும் நட்சத்திர விருதைப் பெற்றார். திருநெல்வேலி ஆசிரியருக்குச் சொன்ன பதிலின் மறுபாதி இதுதான்: பிள்ளைகளை ஏமாற்றாமலும் அந்த உண்மையை எடுக்கலாம்.

*

அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள்?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், சேலம்

ஒவ்வொருவர் வழி ஒன்று. ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ எடுத்தபோது, லியாமாக நடித்த மார்ட்டின் காம்ப்ஸ்டன் கிரீனக் மார்ட்டன் கால்பந்து அணியில் இருந்தார். பந்தை விட்டுவிட்டு இன்று பிரிட்டன் தொலைக்காட்சியின் முன்னணி நடிகர். டர்கூஸ் தொடர்ந்து நடிக்கிறார்.

கேட்டி ஜார்விஸ் பின்னர் ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்து விலகி, 2019இல் ஒரு கடையில் பாதுகாவலராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பத்திரிகை அதைப் படத்தோடு போட்டது, ஏதோ வீழ்ச்சியைக் கண்டுபிடித்துவிட்டதுபோல. நடிகர்கள் பலர் உடனே எழுந்து, இரண்டு படங்களுக்கு நடுவே தாங்கள் பார்த்த வேலைகளைப் பொதுவெளியில் பட்டியலிட்டார்கள். அந்தச் செய்தியை எழுதியவர் ‘ஃபிஷ் டாங்க்’ படத்தைப் பார்த்திருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

*

எதிலிருந்து தொடங்குவது?
— மருத்துவ மாணவி, வேலூர்

‘கெஸ்’. அடுத்து ‘ராக்ஸ்’. இரண்டுக்கும் இடையே 50 ஆண்டுகள். நடுவில் மற்றவை தாமாக இடம்பிடித்துக்கொள்ளும். ‘மேட் இன் பிரிட்டன்’ படத்தைத் தேர்வுக் காலத்தில் பார்க்க வேண்டாம்.